காவல் நாய்க்கு ஒரு நடிப்புத் திருடன்



பம்புசெட்டுக்கும் ஆட்டுப் பட்டிக்கும் காவலாகக் கோம்பை, இராஜபாளையம் என்று நல்ல நாய்களை வளர்க்கிறோம். ஆனால், "வர்றவன் போறவனுக்கெல்லாம் வாலை ஆட்டுதுங்க" என்கிறார் ஒருவர். "களையெடுக்க வந்த அம்மாவைக் கடிச்சுப் போட்டுதுங்க" என்கிறார் இன்னொருவர். பெரும்பாலும் இரண்டுக்கும் காரணம் பழக்கக் குறைவுதான்.

காவல் பழக்க, எஜமானரோடு திருடனாக நடிக்க ஓர் ஆளும் வேண்டும். ஜெர்மனியில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து வளர்ந்த முறை இது. அங்கே இந்த நடிப்பை முறையாகக் கற்றுத் தேர்கிறார்கள்.

நடிப்பவரின் திறமை, சரியான நேரத்தில் தோற்பதில் இருக்கிறது. நாயை எஜமானர் கயிற்றில் பிடித்திருக்க, இவர் தூரத்தில் பதுங்கிப் பதுங்கி வருவார். நாய் நிமிர்ந்து குரைத்ததும் பயந்து ஓட வேண்டும். "நாம குரைச்சா திருடன் ஓடுவான்" என்று நாய்க்குத் தைரியம் வரும். வீம்புக்கு முன்னேறினால் நாய் வாலை இடுக்கும். இல்லை, பயத்தில் யாரையும் கடிக்கும்.

இதைக் கற்க விரும்பும் இளைஞர்களுக்குச் சில யோசனைகள்:

முதலாவது, அனுபவமுள்ள பயிற்சியாளரிடம் பல நாள் நின்று பாருங்கள். காது, வால், பிடரி மயிர் மூன்றும் நாயின் மனதைச் சொல்லும்.

இரண்டாவது, கெட்டிச் சணலில் தைத்த கைக்கவசத்தோடு, நாய் இல்லாமலே காலடி பழகுங்கள். நாய் பாய்ந்து பிடிக்கும்போது அதன் வேகத்தோடு உடம்பைத் திருப்ப வேண்டும். மரம் மாதிரி நின்றால் நாயின் கழுத்துக்கும் உங்கள் தோளுக்கும் ஆபத்து.

மூன்றாவது, பல் விழுந்து முளைக்கும் 4 முதல் 7 மாதம் வரை குட்டியைக் கடித்து இழுக்க விடாதீர்கள்.

நான்காவது, "விடு" என்றதும் விட வேண்டும். அதைக் கற்காத நாய்க்கு அடுத்த பாடம் கூடாது.

கையில் கோணிச் சாக்கைச் சுற்றி, பண்ணையாள் பையனை நிறுத்திப் பழக்காதீர்கள். பல் சாக்கைத் துளைத்துவிடும். தினம் பார்க்கிற பையனையே நாய் விரோதியாக நினைக்கவும் கூடும். உண்மையில் தோட்டத்துக்குக் கடிப் பயிற்சியே வேண்டாம். குரைக்கிற நாய் கடிக்காது என்பார்கள். நமக்கு வேண்டியதும் அப்படிப்பட்ட நாய்தானே! குரைக்கவும், சொன்னதும் அடங்கவும் பழக்கினால் போதும்.

பயிற்சிக்கு முன் நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி அவசியம். 3 மாதத்தில் முதல் ஊசி, பிறகு கால்நடை மருத்துவர் சொல்கிறபடி. பல் பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் வேண்டாம்.

இன்னொன்று: நாயை அலட்சியமாக விட்டு யாருக்காவது ஆபத்து நேர்ந்தால், 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம். திருடனுக்காக வளர்த்த நாயால் நாம் கோர்ட்டு வாசலில் நிற்கலாமா? யோசித்துப் பழக்குங்கள்.