டி.சி. கொடுத்த பிறகு

ஹாஸ்டல் மாணவன் ஒருவனின் பெட்டியில் கஞ்சாப் பொட்டலமோ கூல் லிப் புகையிலைப் பாக்கெட்டோ சிக்கினால், பல பள்ளிகளுக்கு உடனே தோன்றுவது ஒரே ஒரு வழிதான். பெற்றோரை வரச்சொல்லி, டி.சி.யைக் கையில் கொடுத்து, பெட்டி படுக்கையோடு அனுப்பிவிடுவது. 2022 மே மாதம், ஆசிரியர்களிடம் முறைகேடாக நடக்கும் மாணவர்களை நிரந்தரமாக நீக்குவோம், காரணத்தை மாற்றுச் சான்றிதழிலேயே குறிப்பிடுவோம் என்று அப்போதைய தமிழகப் பள்ளிக் கல்வி அமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்தார். ஒழுங்கு என்றாலே வெளியேற்றுவது என்ற எண்ணம் நம்மிடம் அந்த அளவுக்கு ஊறியிருக்கிறது. போதைப் பழக்கத்தைப் பொறுத்தவரை இந்த வழி பள்ளியின் பெயரைக் காப்பாற்றலாம், பிள்ளையைக் காப்பாற்றாது.

வெளியேற்றப்பட்டவன் எங்கே போவான்? சென்னைப் பக்கத்து ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் ஸ்ரீபெரும்புதூர் சாலை ஆலைகளிலும் தாயும் தகப்பனும் ஷிப்டுக்குப் போகும் வீடுகள் இங்கே ஏராளம். பிள்ளையைக் கவனிக்க ஆளில்லை என்றுதான் அவர்களில் பலர் ஹாஸ்டலையே தேடுகிறார்கள். கல்வியாண்டின் நடுவில், காரணம் எழுதப்பட்ட டி.சி.யோடு வருகிறவனை இன்னொரு பள்ளி எளிதில் சேர்த்துக்கொள்ளாது. ஆக, வார்டனின் கண் பார்வையில் இருந்தவன் பகல் முழுக்கக் கேட்பாரின்றித் திரிகிறான். பொட்டலம் விற்றவனோ அதே தெருவில் இருக்கிறான். கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, எட்டாம் வகுப்பை முடிக்கும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு நீக்கக் கூடாது என்கிறது. ஒன்பதாம் வகுப்பு முதல் அந்தப் பாதுகாப்பு இல்லை. சகவாசம் மாறி, ஆபத்து கூடுகிற வயதும் அதுதான்.

சட்டம் இந்த விஷயத்தில் பள்ளிகளைவிட நிதானமாக யோசித்திருக்கிறது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தைக் கடுமையான சட்டம் என்றே எல்லோரும் அறிவோம். அதில் 64ஏ என்று ஒரு பிரிவு உண்டு. போதைக்கு அடிமையானவர், உட்கொண்டதாகவோ சிறிய அளவு வைத்திருந்ததாகவோ குற்றம் சாட்டப்பட்டு, தானே முன்வந்து அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சை எடுத்துக்கொண்டால் அவர்மீது வழக்கு நடத்தப்படாது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கு பறிபோகலாம். இன்னொரு பக்கம், இளைஞர் நீதிச் சட்டம் 2015இன் 77ஆம் பிரிவு, 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்குப் போதைப்பொருள் கொடுப்பவருக்கு ஏழாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. கொடுத்தவனிடம் கடுமை, சிக்கியவனுக்கு நிபந்தனையோடு ஒரு வாய்ப்பு. நம் பள்ளிகளில் இது பெரும்பாலும் தலைகீழ். சிக்கியவன் வெளியே போகிறான். யாரிடம் வாங்கினான் என்ற கேள்வியும் அவனோடு போய்விடுகிறது.

ஒருவனை விட்டுவைத்தால் மற்ற பிள்ளைகளும் கெட்டுப்போவார்களே என்பார்கள். நியாயமான பயம், குடும்பத்தை விட்டு ஒரே கூடத்தில் நாற்பது பேர் படுத்துறங்கும் இடத்தில் பழக்கம் பரவத்தான் செய்யும். அதனால்தான் விற்கிறவனையும் உபயோகிப்பவனையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஜூனியர்களுக்குப் போதை மாத்திரை விற்கும் மாணவனை ஹாஸ்டலிலிருந்து அகற்றத்தான் வேண்டும், காவல்துறைக்கும் தெரிவிக்க வேண்டும். முதல்முறை சிக்கியவனுக்கும் அதே தண்டனை என்றால், அறை நண்பன் மயங்கிக் கிடந்தாலும் மற்ற பையன்கள் வார்டனிடம் வாய் திறக்க மாட்டார்கள். அது உயிருக்கே ஆபத்து. சரி, மாதாமாதம் சிறுநீர்ப் பரிசோதனை வைத்துவிடலாமே என்றும் ஒரு யோசனை உண்டு. அமெரிக்கப் பள்ளிகளில் அதைச் செய்து பார்த்தார்கள். பரிசோதனை நடத்திய பள்ளிகளுக்கும் நடத்தாத பள்ளிகளுக்கும் இடையே மாணவர்களின் போதைப் பழக்கத்தில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை என்று மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பரிசோதனைக்கு ஆகும் பணத்தில் ஒரு முழுநேர ஆலோசகரை நியமிக்கலாம்.

2022 ஆகஸ்டில் தமிழகத்தில் போதைப்பொருள் ஒழிப்பு இயக்கம் தொடங்கியபின் பள்ளி, கல்லூரிகளில் போதை எதிர்ப்பு மன்றங்கள் வந்திருக்கின்றன. உறுதிமொழி எடுப்பது நல்லதுதான். எடுத்த கையோடு கலைந்துபோவதுதான் குறை. பள்ளிக்கு நூறு கஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்று 2003 முதலே சட்டம் இருக்கிறது. சுவரை ஒட்டிய பெட்டிக்கடையில் என்ன விற்கிறது என்பதை அந்த மன்றமே கவனித்துப் புகார் செய்யலாம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். ஜூன் மாதம் பிள்ளையை ஹாஸ்டலில் சேர்க்கும்போது கட்டணத்தையும் சாப்பாட்டையும் விசாரிப்பதோடு நிறுத்தாதீர்கள். என் பிள்ளையின் பெட்டியில் இப்படி ஏதாவது கிடைத்தால் மறுநாள் காலை என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். வீட்டிலேயே சந்தேகம் எழுந்தால், போதை மீட்பு ஆலோசனைக்கான தேசிய இலவசத் தொலைபேசி எண் 14446.