ஈஸ்ட் தரும் சோப்பும் மாட்டு மடியும்



தீபத் திருவிழாவை ஒட்டித் திருவண்ணாமலையில் கூடும் மாட்டுச் சந்தையில், கறவை மாடு பிடிக்கிறவர் மடியைத் தடவிப் பார்க்காமல் விலை பேசமாட்டார். மடி கெட்டால் பால் போச்சு; பால் போனால் வீட்டு வரவும் போச்சு.

மடிநோய்க்குப் பெரும்பாலும் காரணம் பாக்டீரியாக் கிருமிகள். ஆண்டிபயாடிக் மருந்தை முறையில்லாமல் போட்டால், கிருமிகள் அதற்கு அடங்காமல் போய்விடும். இந்தப் பயத்தால்தான் 2019-இல் கொலிஸ்டின் என்ற மருந்தைக் கால்நடை, கோழிகளுக்குக் கொடுக்கக்கூடாது என்று மத்திய அரசு தடை விதித்தது. வேறு வழி தேடும் விஞ்ஞானிகள், ஈஸ்ட் சுரக்கும் ஒரு சோப்பையும் ஆராய்கிறார்கள்.

பனஞ்சாற்றைப் புளிக்கவைத்துக் கள்ளாக்கும் நுண்ணுயிர்தான் ஈஸ்ட். அதில் பல இனங்கள் உண்டு. சில இனங்கள் சர்க்கரையையும் எண்ணெயையும் தின்று, சோப்பு போன்ற பொருளைச் சுரக்கின்றன. 1961-இல் கனடாவில் இதைக் கண்டறிந்தார்கள். பெயர் சோஃபோரோலிப்பிட். நம் நாட்டில் புனே தேசிய வேதியியல் ஆய்வகத்திலும் இதை ஆராய்ந்திருக்கிறார்கள்.

இது எப்படி வேலை செய்யுது? சீயக்காய் தலையிலுள்ள எண்ணெய்ப் பிசுக்கைப் பிரிக்கிறதல்லவா? கிருமியைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வும் கொழுப்பு கலந்ததுதான். அதை இது குலைத்துவிடுகிறது. உள்ளே இருப்பது ஒழுகிக் கிருமி சாகிறது. மடிநோய் தரும் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமியிடம் இது நன்றாகப் பலிக்கும். ஈகோலைக் கிருமிக்கு வெளியே இன்னொரு சவ்வும் இருப்பதால், அதனிடம் அவ்வளவாகப் பலிக்காது.

"அப்படியானால் ஈஸ்டை நாமே ஊறவைத்து மடியில் பூசலாமே?" என்று கேட்பீர்கள். வேண்டவே வேண்டாம்! ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட் இந்தச் சோப்பைத் தராது. தவிர, சில ஈஸ்ட் இனங்களே மடிநோயை உண்டாக்கும். சோப்பை ஆலையில் பிரித்துச் சுத்தம் செய்தபின், மருத்துவர் சொன்னால் மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

இன்று உங்கள் கையிலுள்ள வழிகளைச் சொல்கிறேன்.

கறக்குமுன் கையையும் மடியையும் கழுவி, சுத்தமான துணியால் ஈரம் போகத் துடையுங்கள். முதல் இரண்டு பீச்சைக் கறுப்புத் துணியில் விட்டுப் பாருங்கள். திரிதிரியாக இருந்தால் நோய் வந்துவிட்டது. கறந்தபின் காம்புகளை அதற்கென விற்கும் அயோடின் கரைசலில் நனையுங்கள். உடனே தீவனம் போட்டு மாட்டை அரைமணி நேரம் நிற்கவையுங்கள். அதற்குள் காம்புத் துளை மூடிக்கொள்ளும்.

நோய் கண்டால் கால்நடை மருத்துவர் சொன்ன நாள்வரை மருந்தை முழுசாகக் கொடுங்கள். பால் தேவலாம்னு தோன்றினாலும் பாதியில் நிறுத்தாதீங்க. அவர் சொல்லும் நாள்வரை அந்தப் பாலைச் சொசைட்டிக்கு ஊற்ற வேண்டாம். வீட்டுக் குழந்தைகளுக்கும் கொடுக்க வேண்டாம்.

நாளைக்குப் புது மருந்து வரட்டும். இன்றைக்கு மடியைக் காப்பது உங்கள் கைச்சுத்தம்தான்.