தங்கிவிட்ட அந்நியன்

அந்நியன் என்றதும் இரவு தங்கிக் காலையில் போய்விடும் வழிப்போக்கனையே நினைக்கிறோம். ஜெர்மானிய அறிஞர் கியோர்க் ஸிம்மல் இதை ஏற்கவில்லை. 1908-ல் வெளிவந்த ‘சமூகவியல்’ என்னும் நூலில், வந்து தங்கிவிடுபவனே அந்நியன் என்றார். அவன் நம் தெருவில் வாழ்கிறான். சந்தையில் பேரம் பேசுகிறான். ஆயினும் ஊராருள் ஒருவனாக எண்ணப்படுவதில்லை. அண்மையும் சேய்மையும் ஒருங்கே அமைந்த உறவு அது.

இதனால் அவனுக்கு ஒரு தனி மதிப்பும் உண்டு. இத்தாலிய நகரங்கள் தம் நீதிபதிகளை வெளியூரிலிருந்து வரவழைத்ததை ஸிம்மல் சுட்டுகிறார். உள்ளூரான் ஏதேனும் ஒரு குடும்பத்தின் உறவிலோ பகையிலோ சிக்கியிருப்பான் அல்லவா? உற்றாரிடம் மறைப்பதையும் அந்நியனிடம் மனிதர் கூறிவிடுகின்றனர். மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறிய நம்மவர்க்கு இது புதிதன்று. ஆனால், கலகம் மூண்டால் வெளியாரின் தூண்டுதல் என்ற பழி எளிதில் எழுவதையும் அவர் கவனித்தார்.

ஸிம்மல் பெர்லினிலேயே பிறந்தவர், யூத மரபினர். அவர் சொற்பொழிவுகளுக்கு மாணவர் திரண்டனர். ஆயினும் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகப் பதவி, மாக்ஸ் வேபர் பரிந்துரைத்தும், 1908-ல் அவருக்குக் கிட்டவில்லை. யூதர் என்பதே பெருந்தடையாயிற்று. 1914-ல், தமது 56-ஆம் வயதில், ஸ்ட்ராஸ்பர்க்கில்தான் முழுப் பேராசிரியரானார். 1918-ல் அங்கேயே காலமானார்.