வலிக்காத புண்ணை நம்பாதீர்கள்



இங்கே பி.யூ.சி. முடித்து மருத்துவம் படிக்கப் போனவன் நான். காது, மூக்கு, தொண்டை வைத்தியம் பார்க்கிறேன். விருந்து நேரத்தில் புற்றுநோய்ப் பேச்சா என்று முகம் சுளிக்காதீர்கள். இரண்டே நிமிடம்!

முற்றிய வாய்ப்புண்ணோடு வருகிறவரிடம் "ஏங்க, இத்தனை நாள் வரலை?" என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான்: "வலிக்கவே இல்லையே டாக்டர்!" அங்கேதான் ஏமாந்து போகிறோம். வாய்ப்புற்று ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது.

மூன்று வாரக் கணக்கை மனதில் வையுங்கள். மூன்று வாரமாகியும் ஆறாத புண், தெளியாத குரல் கம்மல், கரையாத கழுத்துக் கட்டி, வாய்க்குள் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, விழுங்குவதில் சிரமம் – எதுவானாலும் டாக்டரிடம் காட்டுங்கள். சதை எடுத்துச் சோதித்தால் நோய் பரவிவிடும் என்ற பயம் வேண்டாம்.

தம்பிகளே, "வெறும் பாக்குதான் சார், புகையிலை இல்லை" என்று சமாதானம் சொல்லாதீர்கள். பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் வெளியிட்ட அறிக்கையிலேயே சொல்லிவிட்டது. பாக்குப் போடுபவருக்கு வாய் திறப்பது குறைந்துகொண்டே வந்தால், அதுவும் எச்சரிக்கைதான்.

திருவனந்தபுரம் மாவட்டத்தில் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைச் சோதித்தார்கள். புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்று மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2005-இல் முடிவு வெளியானது.

ஒரு கண்ணாடி, ஒரு டார்ச் லைட் போதும். மாதம் ஒருமுறை நீங்களும் பாருங்கள். வீட்டில் வெற்றிலைப் பெட்டி வைத்திருக்கும் பாட்டிக்கும் பாருங்கள்.

அடுத்த சந்திப்புக்கும் எல்லோரும் வரவேண்டும்.