‘நாளை முதல் வர வேண்டாம்’

அந்தமான் தலைநகரின் மரைன் ஹில் மேட்டிலிருந்து பார்த்தால் கீழே ஃபீனிக்ஸ் பே படகுத்துறை தெரியும். தீவுக்குத் தீவு போகும் கப்பல்களும், அவற்றைப் பழுது பார்க்கும் பட்டறைகளும், பயணிகளை நம்பி நடக்கும் ஹோட்டல்களும் இந்த வட்டாரத்தில் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. தமிழ்க் குடும்பங்களும் அவற்றில் உண்டு. சீசனை நம்பிய தொழில்களில் ஒரு வழக்கம் இருக்கிறது. அக்டோபரில் ஆள் தேடி அலைவார்கள். மே முடிந்து, தென்மேற்குப் பருவமழை கடலைக் கலக்கத் தொடங்கியதும், “நாளை முதல் வர வேண்டாம், தேவைப்பட்டால் கூப்பிடுகிறோம்” என்று வாய்ப்பேச்சிலேயே அனுப்பிவிடுவார்கள்.

அந்த ஒரு வாக்கியத்தோடு வேலை முடிந்துவிட்டதாகப் பலரும் நம்புகிறார்கள். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை.

1980 டிசம்பரில் ஹரியானாவில் ஒரு தொழிலாளி ஆலைக்கு வேலைக்குப் போனபோது வாசலிலேயே தடுக்கப்பட்டதாகச் சொன்னார். நிர்வாகம் வேறு கதை சொன்னது: அவர் எட்டு நாளுக்கு மேல் சொல்லாமல் வராமல் இருந்தார், ஆலையின் பணிவிதிகளான நிலையாணைப்படி அவர் வேலை தானாகவே போய்விட்டது, விசாரணையே தேவையில்லை. தொழிலாளர் நீதிமன்றமும் நிர்வாகத்தின் பக்கமே நின்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் போய்ச் சேர்ந்து, 1993 மே மாதம் தீர்ப்பு வந்தது. டி.கே. யாதவ் வழக்கு என்று சட்ட மாணவர்கள் இன்றும் படிப்பது இதைத்தான். ஒருவருடைய பிழைப்பைப் பறிப்பது அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையைத் தொடும் செயல். அவர் தரப்பைக் கேட்காமல் அதைச் செய்யக் கூடாது என்றது நீதிமன்றம். அவருக்கு வேலையும் பழைய சம்பளத்தில் பாதியும் திரும்பக் கிடைத்தன. ஆனால் இடையில் பன்னிரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டன.

தவறு செய்தார் என்று சொல்லி ஒருவரை நீக்க வேண்டுமானால், என்ன தவறு என்று எழுத்தில் குற்றச்சாட்டு தர வேண்டும். பதில் சொல்ல அவகாசம் தர வேண்டும். விசாரணை நடத்தி, எதிர்சாட்சியைக் கேள்வி கேட்க விட வேண்டும். விசாரணை முடியும்வரை தற்காலிகப் பணிநீக்கத்தில் வைத்தால் முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம் பிழைப்பூதியமாகத் தர வேண்டும். தொழிலாளி காரணமாக அல்லாமல் விசாரணை அதற்கு மேல் இழுத்தால் முக்கால் பங்கு.

தவறு எதுவும் இல்லை, ஆள் தேவையில்லை என்பது மட்டுமே காரணம் என்றால் அதற்குப் பெயர் ஆட்குறைப்பு. ஓராண்டு தொடர்ந்து வேலை செய்தவருக்கு ஒரு மாத நோட்டீஸ், அல்லது அதற்கு ஈடான சம்பளம். முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் இழப்பீடு. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் இருந்த இந்த ஏற்பாடு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. கணக்கை முடிக்கும்போது பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்கிறது ஊதியச் சட்டத் தொகுப்பு.

இந்த ‘ஓராண்டு’ என்ற சொல்லில்தான் சீசன் தொழிலாளி கவனமாக இருக்க வேண்டும். நீக்கப்பட்ட நாளுக்கு முந்தைய 12 மாதத்தில் 240 நாள் வேலை செய்திருந்தாலே அது ஓராண்டுத் தொடர் பணியாகிவிடும். சம்பளத்தோடு கூடிய ஞாயிறும் விடுமுறையும் இந்தக் கணக்கில் சேரும் என்று அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் வங்கி ஊழியர்கள் வழக்கில் 1985இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அக்டோபர் 1 முதல் மே 31 வரை எண்ணினால் 243 நாள். சம்பளமில்லாத விடுப்பு நான்கு நாள் எடுத்தால் 239. உரிமை இருக்கிறதா இல்லையா என்பது அந்த ஒரு நாளில் தொங்குகிறது.

ஸ்டேட் பாங்கில் தற்காலிகக் காசாளராக இருந்த ஒருவருக்கு, ‘ஒன்பது நாளுக்கு மட்டும்’ என்று கடிதம் கொடுத்து, ஒன்பதாம் நாள் அனுப்பினார்கள். விட்டுவிட்டுப் பார்த்த நாட்களைக் கூட்டியபோது 240ஐத் தாண்டியது. 1976இல் நீதிபதி கிருஷ்ண ஐயர் எழுதிய தீர்ப்பு, அதுவும் ஆட்குறைப்புதான், நோட்டீசும் இழப்பீடும் தராமல் அனுப்பியது செல்லாது என்றது. ஆனால் 1984இல் சட்டம் திருத்தப்பட்டது. குறிப்பிட்ட காலத்துக்கு என்று ஒப்பந்தம் போட்டு, காலம் முடிந்ததும் புதுப்பிக்காமல் விட்டால் அது ஆட்குறைப்பு ஆகாது. எனவே வேலையில் சேரும் நாளில் நீட்டப்படும் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பது, வேலை போகும் நாளில் சண்டை போடுவதைவிட முக்கியமாகிவிட்டது. நியமனக் கடிதம் கேட்டுப் பெறுவது இப்போது சட்டப்படியான உரிமை.

அரசு வேலையில் இருக்கும் தினக்கூலி மஸ்தூர்களின் கதை வேறு விதம். அந்தமான் நிர்வாகத்தின் கீழ் ஏறத்தாழ நான்காயிரம் பேர். உயர்த்தப்பட்ட ஊதியமும் அகவிலைப்படியும் தர வேண்டும் என்ற உத்தரவை நிறைவேற்றவில்லை என்று சொல்லி, 2023 ஆகஸ்டில் கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் போர்ட் பிளேர் அமர்வு தலைமைச் செயலாளரையே பணியிடை நீக்கம் செய்தது; துணைநிலை ஆளுநருக்கு ஐந்து லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தது. மறுநாளே உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. நாடே ஒரு நாள் தினக்கூலிகளைப் பற்றிப் பேசியது.

அதைவிட நம்பிக்கை தருவது 2024 டிசம்பரில் வந்த ஜக்கோ வழக்குத் தீர்ப்பு. மத்திய நீர்வள ஆணைய அலுவலகத்தில் பெருக்கித் துடைத்தவர்களையும் தோட்டம் பார்த்தவரையும், பல ஆண்டு வேலைக்குப் பிறகு, 2018இல் முன்னறிவிப்பே இல்லாமல் நிறுத்தியிருந்தார்கள். உச்ச நீதிமன்றம் அவர்களை உடனே திரும்ப எடுத்து நிரந்தரமாக்கச் சொன்னது. எல்லாருக்கும் இப்படி நடந்துவிடாது. நோட்டீஸ் தராத குற்றத்துக்காகத் தினக்கூலிக்கு வேலைக்குப் பதிலாகப் பண இழப்பீடு தந்தால் போதும் என்று 2013இல் பி.எஸ்.என்.எல். வழக்கில் சொன்னதும் இதே நீதிமன்றம்தான்.

240 நாள் வேலை செய்தேன் என்று முதலில் நிரூபிக்க வேண்டியவர் தொழிலாளிதான். மஸ்டர் ரோல் என்ற வருகைப் பதிவேடு முதலாளி கையில். தொழிலாளி கையில் என்ன இருக்கிறது? வங்கிக் கணக்கில் சம்பளம் ஏறிய பதிவு, பி.எஃப். பாஸ்புக், அடையாள அட்டை, வாட்ஸ்அப்பில் வந்த டியூட்டி பட்டியல். இவற்றைப் படம் பிடித்து வீட்டில் ஒருவரிடம் கொடுத்து வைக்க வேண்டும். இன்னொன்று: “ராஜினாமா எழுதிக் கொடு, செட்டில்மெண்ட் உடனே தருகிறேன்” என்பவர்கள் உண்டு. அந்த ஒரு கையெழுத்தைப் போட்டால், நீக்கினார்கள் என்று பிறகு வாதாடுவது மிகவும் கடினமாகிவிடும். எழுதச் சொன்னால் மறுத்து, மறுநாளும் வேலைக்குப் போய், உள்ளே விடாவிட்டால் விரைவுத் தபாலில் ‘வேலைக்கு வந்தேன், உள்ளே விடவில்லை’ என்று தேதியோடு ஒரு கடிதம் போடுவதுதான் சரியான பதில்.

வேலை போன ஒரே ஒரு தொழிலாளி, சங்கம் இல்லாமலும், தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். 45 நாளில் தீராவிட்டால் நேராகத் தீர்ப்பாயம் போகலாம். முன்பு இதற்கு மூன்றாண்டு அவகாசம் இருந்தது. புதிய தொகுப்பில் நீக்கப்பட்ட நாளிலிருந்து இரண்டே ஆண்டுதான். வக்கீல் செலவுக்குப் பயந்து நாளைக் கடத்த வேண்டியதில்லை: தொழில் நிறுவனத் தொழிலாளிக்கும், பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் இலவசச் சட்ட உதவி 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி உண்டு. அதற்கான தொலைபேசி எண் 15100.