சோதனை நாளில் திருவசனம்

(நமது கழகத்தின் வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

சோதனையை வெல்வது எவ்வாறு என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்துள்ளார்கள். போதகர் பேச வேண்டிய பொருளைப் பள்ளிக்கூடத்துக்காரரிடம் ஏன் கொடுத்தார்கள் என்று சிலர் எண்ணலாம். சோதனை என்பது நம் பள்ளிக்கூடத்திலும் வழங்கும் சொல்தான். மாணவனின் அறிவை அளந்து பார்ப்பதும் சோதனை. மனிதனைத் தீமையின் பக்கம் இழுப்பதும் சோதனை. புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்க மொழியிலும் இவ்விரண்டுக்கும் ஒரே சொல்லே வழங்குகிறது. ஆயினும் தேர்வில் தவறிய மாணவன் வினாத்தாளைத் திட்டுவது போல, விழுந்தவன் ஆண்டவர்மேல் பழி போடுதல் கூடாது. கடவுள் எவரையும் தீமைக்குத் தூண்டுகிறவர் அல்லர் என்றும், அவனவனுடைய ஆசையே அவனவனை இழுத்துச் செல்கிறது என்றும் யாக்கோபு தம் நிருபத்தின் முதல் அதிகாரத்திலேயே தெளிவாக எழுதியிருக்கிறார்.

மத்தேயு நான்காம் அதிகாரத்திலும் லூக்கா நான்காம் அதிகாரத்திலும் ஆண்டவர் சோதிக்கப்பட்ட வரலாறு உள்ளது. இரண்டாவது சோதனையும் மூன்றாவது சோதனையும் இரு நூல்களிலும் இடம் மாறி வருகின்றன. முதற் சோதனை மட்டும் இரண்டிலும் ஒன்றே. நாற்பது நாள் உண்ணாமலிருந்தார். அதன்பின் அவருக்குப் பசி உண்டாயிற்று. சோதனைக்காரன் அந்தப் பசியைப் பார்த்தே வந்தான். கற்களை அப்பமாக்கிக் கொள்ளும் என்றான்.

இந்த இடத்தைப் பலரும் விரைந்து கடந்துவிடுகிறார்கள். பசி பாவமா? அப்பம் பாவமா? இரண்டும் அல்ல. பிற்பாடு அவரே ஐயாயிரம் பேருக்கு அப்பம் பகிர்ந்து கொடுத்தார். ஆகவே சோதனை என்பது எப்போதும் கெட்ட பொருளைக் காட்டித்தான் வரும் என்று நாம் நினைத்திருந்தால் ஏமாந்து போவோம். நமக்கு உண்மையாகவே வேண்டியதை, நமக்கு நியாயமாகவே சேர வேண்டியதைக் காட்டி, கோணல் வழியில் எடுத்துக்கொள் என்று சொல்லும்போதுதான் அது வலிமை பெறுகிறது. ஏழைக்கு வரும் சோதனைகளில் பெரும்பாலானவை இவ்வகையின. வயிறு நிறைந்தவர்கள் நமக்கு ஒழுக்கம் போதிக்கும்போது இதனை மறந்துவிடுகிறார்கள்.

ஆண்டவர் சொன்ன மூன்று விடைகளும் உபாகமத்திலிருந்து வந்தவை. முதல் விடை எட்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. மற்ற இரண்டும் ஆறாம் அதிகாரத்தில் இருக்கின்றன. உபாகமம் யாரிடம் சொல்லப்பட்டது? எகிப்தில் செங்கல் அறுத்த அடிமைகளின் பிள்ளைகளிடம் சொல்லப்பட்டது. அந்த மக்கள் விடுதலை பெற்று வனாந்தரத்தில் நடந்தபோது எதை நினைத்து அழுதார்கள் என்று எண்ணாகமம் பதினோராம் அதிகாரம் கூறுகிறது: மீனையும் வெள்ளரிக்காயையும் கொம்மட்டிக்காயையும் வெங்காயத்தையும் வெள்ளைப்பூண்டையும் நினைத்து அழுதார்கள். முதுகில் விழுந்த அடி மறந்துபோயிற்று; வெள்ளரிக்காய் மறக்கவில்லை. பண்ணையாளாயிருந்து படிநெல் வாங்கிய பாட்டனாரின் பேரர்களாகிய நமக்கு இந்தக் கதைக்கு விரிவுரை தேவையில்லை. அந்த மக்களுக்குச் சொல்லப்பட்ட சொற்களையே ஆண்டவர் தம் பசி வேளையில் எடுத்துக்கொண்டார்.

இனி நம் வீட்டுக்குள் வருவோம். ஆண்டுதோறும் பள்ளி திறக்கும் நாட்களில் தலைமையாசிரியரின் மேசைக்கு எதிரே நிகழும் காட்சி ஒன்றுண்டு. தகப்பனார் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மதம் என்னும் இடம் வந்தவுடன் குரல் தாழ்ந்துவிடும். ஆலயத்தில் எஸ்தர், பதிவேட்டில் செல்வி. ஞாயிற்றுக்கிழமை ஒரு பெயர், திங்கட்கிழமை வேறொரு பெயர். அந்தத் தகப்பனாரை இகழ நமக்கு மனம் வராது. ஏனெனில் அவருடைய பசி உண்மையான பசி.

1950ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் வெளியான குடியரசுத் தலைவர் ஆணை, இந்துவல்லாத எவரையும் பட்டியல் சாதியினராகக் கருதலாகாது என்றது. 1956இல் சீக்கியர்க்கும், 1990இல் பௌத்தர்க்கும் அக்கதவு திறக்கப்பட்டது. கிறிஸ்தவர்க்குத் திறக்கப்படவில்லை. தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர்க்குரிய 18 விழுக்காட்டிலிருந்து நீக்கி, நம்மைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். நிலமும் கடையும் உடைய சமூகத்தாரோடு, சேரிப்பிள்ளை அங்கே போட்டியிட வேண்டும். தனித்தொகுதியில் நிற்க உரிமையில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் காப்பும் இல்லை. ஞானஸ்நானம் பெற்ற மறுநாள் ஊர்த்தெருவில் நம்மை வேறு பெயரிட்டு அழைத்தார்களா என்றால், அதுவும் இல்லை. திருச்சபைக்குள்ளேயே கல்லறைத் தோட்டத்துக்கு நடுவில் சுவர் எழுப்பியவர்கள் உண்டு. இப்படியெல்லாம் இருக்க, இரண்டு எழுத்தை மாற்றி எழுதினால் பிள்ளை கல்லூரிக்குப் போகும் என்று ஒருவர் சொன்னால், கற்களை அப்பமாக்கும் அந்தக் குரலை எந்தத் தகப்பன் எளிதில் தள்ளுவான்?

ஆயினும் இளைஞர்களே, தள்ளத்தான் வேண்டும் என்பது நம் துணிபு. சட்டத்துக்கு அஞ்சி மட்டும் இதைச் சொல்லவில்லை. கிறிஸ்தவராக வாழ்ந்துகொண்டே சலுகைக்காக இந்து என்று கூறுதல் அரசியலமைப்பை ஏமாற்றுவதாகும் என்று 2024 நவம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்ததை நீங்கள் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். அது ஒருபுறம் இருக்கட்டும். தன் பெயரைச் சொல்ல அஞ்சும் பிள்ளை வகுப்பறையில் எழுந்து நின்று எதைத்தான் துணிந்து சொல்லும்? வேலை கிடைத்த பிறகும் அச்சம் தீருவதில்லை. வேண்டாதவர் எழுதும் ஒரு மொட்டைக் கடிதத்துக்காக முப்பது ஆண்டு நடுங்க வேண்டியிருக்கிறது. திருமணத்தை ஆலயத்தில் நடத்துவதா, மண்டபத்தில் நடத்துவதா என்று அதற்கும் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இன்னும் பெரிய காரணம் ஒன்றுண்டு. சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்துப் பிழைத்தவர் சூசை என்பவர். அத்தொழிலாளர்க்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை வழங்கிய காலத்தில், கிறிஸ்தவர் என்னும் காரணத்தால் அவருக்குக் கிடைக்கவில்லை. அவர் தம்மை இந்து என்று எழுதிக் கொடுத்துக் கடையை வாங்கிக் கொண்டிருக்கலாம். அவ்வாறு செய்யாமல், நாம் ஆதிதிராவிடர், கிறிஸ்தவர், இரண்டும் உண்மை என்று உச்சநீதிமன்றம் வரை சென்றார். 1985 செப்டம்பரில் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. மதம் மாறிய பின்னரும் அதே கடுமையோடு சாதிக்கொடுமை தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று தரப்படவில்லை என்பதே நீதிமன்றம் கூறிய காரணம். சான்று எங்கிருந்து வரும்? நம்மில் பாதிப்பேர் பதிவேட்டில் ஒளிந்துகொண்டால், எண்ணிக் காட்டுவதற்கு ஆள் எங்கே? இல்லாத மக்களுக்கு எந்த அரசு உரிமை வழங்கும்? 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மதக்கட்டுப்பாட்டை நீக்குமாறு பரிந்துரைத்தது. 2023 ஏப்ரலில் நம் சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது. தம் பெயரை மறைக்காத மக்கள் தொடர்ந்து கேட்டதன் பயனே இவை. அந்தச் செருப்புத் தொழிலாளி கடையைப் பெறவில்லை. ஆனால் நம் வழக்கு அவர் பெயரால் சட்டநூலில் நிற்கிறது. (நம் உறவினருள் இந்துவாகவே வாழ்வோர் பலர். அவர்கள் இந்து என்று பதிவது உண்மையைப் பதிவதே. நாம் பேசுவது அவர்களைப் பற்றியன்று.)

பசியைக் காட்டி வரும் சோதனைகளுள் மதுவும் ஒன்று. வெயிலில் உடல் நோக உழைத்தவன் நோவு மறக்க வேண்டும் என்கிறான்; அந்த நோவு பொய்யன்று. 2003ஆம் ஆண்டு முதல் சில்லறை மதுக்கடையை அரசு நிறுவனமே நடத்துகிறது. அதன் வருவாய் ஆண்டுக்கு 45,000 கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. அரசுப் பள்ளியில் ஊதியம் பெறுகிறவர் இதற்கு மேல் இதுபற்றி மேடையில் பேசுவது உசிதமன்று. கள்ளச்சாராயமோ அதனினும் கொடிது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60 பேருக்கு மேல் மாண்டார்கள். அங்கே பாடை சுமந்த தெருக்கள் நம் மக்களின் தெருக்களே. தாங்கக்கூடிய அளவுக்கு மேல் சோதிக்கப்பட ஆண்டவர் விடமாட்டார், தப்பும் வழியையும் உடன் வைப்பார் என்று கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம் பத்தாம் அதிகாரத்தில் பவுல் கூறுகிறார். தப்பும் வழி வானத்திலிருந்து இறங்கும் என்று காத்திருத்தல் வேண்டா. சனிக்கிழமைக் கூலியைத் தாயிடமோ மனைவியிடமோ நேரே கொடுத்துவிடுதல் ஒரு வழி. கடை இருக்கும் தெருவை விட்டு மறுதெருவால் வீட்டுக்கு வருதல் மற்றொரு வழி. போத்திபாரின் வீட்டில் யோசேப்பு தர்க்கம் செய்துகொண்டு நிற்கவில்லை. அங்கியை விட்டுவிட்டுக் கதவை நோக்கி ஓடினான். அங்கி போனது இழப்புத்தான்.

இரண்டாம் சோதனைக்கு வருவோம். தேவாலயத்தின் உச்சியிலிருந்து குதியும், தூதர்கள் தாங்குவார்கள் என்றான் சோதனைக்காரன். இம்முறை அவனும் வேதத்தையே எடுத்துப் பேசுகிறான். தொண்ணூற்றோராம் சங்கீதம் நம் வீடுகளில் எழுத்தறியாத பாட்டிமார்க்கும் மனப்பாடம். அந்தச் சங்கீதத்தைத்தான் அவன் சொன்னான். நம் ஆலயங்களில் புத்தாண்டு இரவு வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம். நல்ல வழக்கந்தான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் கட்டளைகளை அச்சிட்ட அட்டையை எடுக்க எவரும் வரிசையில் நின்றதாகக் கண்டதில்லை. சோதனைக்காரன் எடுத்தது வாக்குத்தத்த வசனம். ஆண்டவர் பதிலுக்கு எடுத்தது கட்டளை வசனம், கடவுளைச் சோதித்துப் பார்க்காதே என்பது. மேலும் அந்தச் சங்கீதத்தை அவன் முழுதும் சொல்லவில்லை. நம் வழிகளிலெல்லாம் காக்கும்படி என்னும் சொற்களை விட்டுவிட்டான். அடுத்த வசனம் சிங்கத்தையும் பாம்பையும் மிதிப்பதைப் பற்றியது. அதற்கு முன்பே வாயை மூடிக்கொண்டான். தன்னைப்பற்றிய செய்தியை அவன் எப்படிச் சொல்வான்!

ஆகையால் வசனம் மனப்பாடமாயிருந்தால் மட்டும் போதாது. முன்வசனமும் பின்வசனமும் வாசிக்க வேண்டும். யார், யாரிடம், எப்போது சொன்னது என்று கேட்க வேண்டும். மொழிப்பாடத்தில் இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக என்று வினாக் கேட்கிறோமே, அதே முறைதான். படிக்காமல் தேர்வெழுதப் போய், ஆண்டவர் எழுத வைப்பார் என்று மாணவன் சொல்வதும் உச்சியிலிருந்து குதிக்கும் கதைதான். மருந்தை நிறுத்திவிட்டு ஜெபத்தால் மட்டும் குணமாகும் என்று காசநோயாளியிடம் சொல்கிறவர்களும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்களே. கடன் வாங்கிப் பந்தல் போட்டு, வட்டியை ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்பாரையும் அதில் சேர்க்கலாம். வேதத்தைக் காட்டி நம்மை அடக்க வந்தவர்களும் உண்டு. அடிமைகள் எசமானர்க்குக் கீழ்ப்படிய வேண்டும் என்னும் வசனத்தை மட்டும் எடுத்தவர்கள், அடிமைகளை விடுவித்த யாத்திராகமத்தைத் திறக்கவில்லை. வாசிக்கத் தெரியாத மக்களிடம்தான் அந்த வித்தை செல்லும். 1715இல் தரங்கம்பாடியில் சீகன்பால்க் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தபோது, நம் முன்னோர்களுள் எத்தனை பேருக்கு அதை எழுத்துக் கூட்டிப் படிக்கப் பள்ளி இருந்தது? இக்கழகம் தோன்றியதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

மூன்றாம் சோதனையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். உலகத்து அரசுகளையெல்லாம் காட்டி, ஒருமுறை பணிந்து கும்பிட்டால் போதும் என்றான். நமக்கு அவ்வளவு பெரிய விலை எவரும் பேசுவதில்லை. தேர்தலுக்கு முந்தைய இரவு கதவைத் தட்டி ஓர் உறையை நீட்டுகிறார்கள். பணப்பட்டுவாடா மிகுந்ததால் 2016இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் வாக்குப்பதிவையே தேர்தல் ஆணையம் நிறுத்த நேர்ந்தது. வாங்கினவன் ஐந்தாண்டு கை கட்டி நிற்க வேண்டும். கை கட்டி நின்றது போதாதா நமக்கு?

சோதனையை வென்றால் உடனே நன்மை வரும் என்று நாம் உங்களுக்கு வாக்களிக்க முடியாது. யோசேப்புக்குக் கிடைத்தது சிறைச்சாலை. அவனால் நன்மை பெற்ற பானபாத்திரக்காரன் விடுதலையாகிப் போன பின்பும் அவனை மறந்துவிட்டான். மேலும் இரண்டு ஆண்டு உள்ளே கிடந்தான். நம் கழக மாணவர்களிலும் உண்மையைச் சொன்னதால் இடம் இழந்தவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு அறிவுரை சொல்லி அனுப்பிவிட்டால் போதாது. அவர்களுடைய கட்டணத்தைச் செலுத்தக் கழகம் முன்வர வேண்டும். தன் பிள்ளைக்கு அப்பம் கொடுக்காத சபை, கல்லைத் தொடாதே என்று எந்த வாயால் சொல்லும்? உதவித்தொகை நிதிக்கு இந்த விழாவில் வாக்களித்தவர்கள் ஆண்டு முடிவதற்குள் செலுத்திவிடுமாறு வேண்டுகிறோம்.

நாற்பது நாள் சோதனைக்குப் பின் ஆண்டவர் எங்கே சென்றார் என்று லூக்கா தொடர்ந்து கூறுகிறார். தாம் வளர்ந்த நாசரேத்தூருக்கு வந்தார். ஜெப ஆலயத்தில் வாசிக்க எழுந்து நின்றார். ஏசாயாவின் சுருளை விரித்து, வேண்டிய இடத்தைக் கண்டுபிடித்தார். ஏழைகளுக்கு நற்செய்தியும் சிறைப்பட்டோர்க்கு விடுதலையும் கூறும் பகுதியை வாசித்தார். வேண்டிய இடத்தைக் கண்டுபிடிக்கும் அளவுக்கு வேதம் அவருக்குப் பழக்கமாயிருந்தது.

நம் மாலைநேரப் படிப்பகத்தில் இளைஞர்கள் இரவு எட்டரை மணிவரை பாடம் படிக்கிறார்கள். விரும்புவோர் அதன்பின் அரைமணி நேரம் இருந்து, உபாகமம் ஆறாம் அதிகாரம் முதல் எட்டாம் அதிகாரம் வரை ஒருவர் வாசிக்க மற்றவர் வினாக் கேட்கும் முறையில் படிக்கலாம் என்று கழகத்துக்கு முன்மொழிகிறோம். மூன்று அதிகாரங்களே. வரும் திங்கட்கிழமை தொடங்குவதற்கு நாம் வருகிறோம்; புத்தகத்தை மட்டும் ஆளுக்கொன்றாகக் கொண்டுவாருங்கள்.