இன்று என்ன பாடம்?

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



"கஇன்கறு கஎன்கன கபாகடம்?"

இதைக் கேட்டுச் சிரிப்பவர்களெல்லாம் எங்கள் காலத்தவர்கள். ஒவ்வோர் அசைக்கும் முன்னால் ஒரு 'க' சேர்த்துப் பேசும் 'க பாஷை' அது. தெமட்டகொடையில் புகையிரதம் ஊதினால் ரீச்சர் ஒரு கணம் நிறுத்துவார். அதற்குள் பின்வாங்கிலிருந்து முன்வாங்குக்குச் செய்தி போய்விடும். எந்தப் பாடத்தில் சோதனை, எந்த ரீச்சர் லீவு, யார் வீட்டுவேலை செய்யவில்லை எல்லாம் 'க'வில்தான். கணிதம் 'கககணிகதம்' ஆகும்போது எங்களுக்கே நாக்குப் பிரளும்.

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த ஒரு பிள்ளை எங்கள் வகுப்பில் சேர்ந்தாள். ஒரு கிழமையாக வாய் திறக்கவில்லை. நாங்கள் பேசியதைச் சிங்களம் என்று நினைத்து, இங்கே தமிழ்ப் பள்ளிக்கூடத்திலும் தமிழ் இல்லையோ என்று வீட்டில் அழுதிருக்கிறாள். அவளுடைய அம்மா வந்து சொல்லித்தான் எமக்குத் தெரிந்தது. முதலில் சிரித்தோம். பிறகு வெட்கப்பட்டோம்.

அன்று இடைவேளையில் நேரசூசியை நடுவில் வைத்து அவளைப் பழக்கினோம். முதலாம் பாடம் என்ன, யார் படிப்பிப்பது, உனக்குப் பிடிக்குமா? கேள்விகள் ஐந்தாறுதான். மெதுவாகக் கேட்டோம், பிழைவிட்டால் காத்திருந்தோம். மூன்றாம் நாள் எங்களைவிட வேகமாகப் பேசினாள்.

வைத்தியம் படித்த காலத்தில்தான் எம்மில் சிலர் சமென்ஹோஃப் பற்றி அறிந்தோம். அவரும் ஒரு கண் வைத்தியர். 1859இல் பியாலிஸ்டொக் நகரில் பிறந்தவர். ரஷ்யர், போலந்தியர், ஜெர்மனியர், யூதர் எனப் பல மொழிக்காரர் பகைமையோடு வாழ்ந்த ஊர் அது. எல்லோருக்கும் பொதுவாக எஸ்பெராண்டோ என்ற மொழியை ஆக்கி 1887இல் வெளியிட்டார். அதில் 'லெர்ன்' என்றால் கற்றல், 'ஏய்' என்றால் இடம், 'ஓ' பெயர்ச்சொல்லின் முடிவு. ஆகவே பள்ளிக்கூடம் 'லெர்னேயோ'. வைத்தியசாலைக்குரிய 'மல்சனுலேயோ'விலும் அதே 'ஏயோ' வரும். ஒன்றைக் கற்றவர் மற்றதை ஊகிக்கலாம். புதியவர் உள்ளே வருவதற்காகச் செய்த மொழி அது. எங்களுடையது வெளியே நிறுத்துவதற்காகச் செய்தது.

வைத்தியர்களான எமக்கு இன்றும் ஒரு 'க பாஷை' உண்டு. கட்டிலருகே நின்று நோயைப் பற்றி ஆங்கிலத்தில் பேசிக்கொள்கிறோம். கட்டிலில் இருப்பவர் அந்தப் பிள்ளையைப் போலவே எங்கள் வாயைப் பார்க்கிறார். அப்போதெல்லாம் அந்த இடைவேளையை நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேணிலும் வாழும் சகோதரிகளே, பிள்ளைகள் தமிழ் பேசுகிறார்களில்லை என்று கவலைப்படுகிறீர்கள். அந்தத் தோழியும் இன்று கனடாவில்தான் இருக்கிறாள். பள்ளிவிட்டு வரும் மகளிடம் தினமும் "இன்று என்ன பாடம்?" என்று தமிழிலேயே கேட்கிறாளாம். முதலில் பதில் முழுவதும் ஆங்கிலத்தில் வந்ததாம். இப்போது பாதி தமிழாம். பிழைவிட்டால் சிரிப்பதில்லை, காத்திருக்கிறேன் என்றாள்.

அந்தக் காத்திருப்பை நாங்கள் கற்றது இந்தப் பள்ளிக்கூடத்து வாங்குகளில்தான்.